ஒன்பதாம் நம்பர் மலையில் நின்றது

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். பல் செட்டுக்கு அச்செடுக்கிற பிளாஸ்டர் என்றேன். நீங்கள் பல் மருத்துவரா? இல்லை. பிறகு எதற்கு ஐந்து கிலோ? கால்தடம் எடுக்க. யாருடைய கால்? அது தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன்.  பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். பையை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய ஐந்து கிலோவும் பதுளைக்குப் பொடியாகப் போய்ச் சேரவில்லை. ரயிலில் மலை ஏற ஏற மழை. திறந்திருந்த கதவு வழியாக வந்த தண்ணீர் இருக்கைக்கு அடியில் ஓடியதை, ஜன்னலுக்கு வெளியே வாயைப் பிளந்துகொண்டிருந்த நான் கவனிக்கவில்லை. ஹப்புத்தளை தாண்டிப் பையை இழுத்தேன். வரவில்லை. உள்ளே பையின் வடிவத்திலேயே ஒரு பாறை இருந்தது. எதிரே இருந்த அம்மா இறால் வடைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டே, "ஊர்லேந்து கல்லையா மகள் தூக்கிட்டு வாறீங்க?" என்று கேட்டார். வடை பிரமாதம். எங்கள் துறையூர்ப் பக்கம் பருப்பு வடையின் தலையில் ஒரு முழு இறாலை ஒட்டவைக்க வேண்டும் என்று யாருக்கும் இதுவரை ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

கொழும்பில் அலுவலகப் பயிற்சி என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். அது பொய் இல்லை. பயிற்சி இரண்டு நாள். மீதி ஒரு வாரம் எதற்கு என்பதை மட்டும் நான் விளக்கவில்லை. நான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். உடம்பெல்லாம் முடியுள்ள, இரண்டு காலில் நடக்கிற, இன்றுவரை யாரும் பிடித்துக் காட்டாத ஒன்று எங்கேயாவது தென்பட்டதாகச் செய்தி வந்தால் அதை அலசுவதுதான் எங்கள் வேலை. குழுவில் பாதிப் பேர் நம்புகிறவர்கள். பாதிப் பேர் புளுகைப் பிடிக்கிறவர்கள். நான் வாரத்தின் முற்பாதியில் முதல் கட்சி, பிற்பாதியில் இரண்டாம் கட்சி. ஒரு காணொளியில் கரடி மனிதனின் முதுகில் ஜிப் ஓடியதை முதலில் பார்த்தது நான் என்பதால் எனக்கு அங்கே கொஞ்சம் மரியாதை உண்டு.

பதுளை ஸ்டேஷனில் ரிஸ்வான் காத்திருந்தார். பஜாரில் அவர்களுக்கு இரும்புச் சாமான் கடை. முப்பது வயது. பல வருடமாக இதே பைத்தியம். இலங்கையின் தென்கிழக்குக் காடுகளில் முன்பு நித்தேவோ என்று குள்ளமான, முடி அடர்ந்த, நீண்ட நகமுள்ள ஒரு கூட்டம் இருந்ததாகவும், வேடர்கள் அவர்களைக் குகைக்குள் விரட்டிப் புகைபோட்டுக் கொன்றுவிட்டதாகவும் ஒரு பழங்கதை உண்டு. ரிஸ்வானுக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்தான். எல்லாரும் குகைக்குள் போயிருப்பார்களா?

என் பாறையைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். "பரவாயில்ல தங்கச்சி. கடையில பிளாஸ்டர் ஈக்குது. இத முன்னுக்கு வெச்சா சைக்கிள் சாயாம நிக்கும்."

அவருடைய உம்மா அன்று இடியப்பமும் சொதியும் கட்டச் சம்பலும் வைத்தார். சம்பலின் காரத்தில் என் காது அடைத்தது. "நல்லா தின்னுங்க மகள், மலைக்குப் போனா ரொட்டிதான்" என்று இன்னும் இரண்டு வைத்தார். மகன் எதைத் தேடிப் போகிறான் என்று அவருக்குத் தெரியும். "கெடச்சா இங்க கூட்டிட்டு வந்துறாத" என்பதைத் தவிர வேறு கருத்துச் சொல்லவில்லை.

மறுநாள் நமுனுகுல மலைப் பக்கம் கிளம்பினோம். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எங்களோடு நிமல் சேர்ந்துகொண்டார். அறிவியல் ஆசிரியர், சிங்களவர், எங்கள் குழுவில் புளுகைப் பிடிக்கும் கட்சியின் தலைவர். தமிழ் புரியும், பேச வராது. அவர் சொல்வதை ரிஸ்வான் எனக்குத் தமிழில் சொல்வார். அவர் பேசும் வேகத்துக்கும் ரிஸ்வான் சொல்லும் அளவுக்கும் பொருந்தவே இல்லை. பாதியை ரிஸ்வான் தனக்கென்று வைத்துக்கொள்கிறார் என்று சந்தேகப்பட்டேன்.

பஸ் விட்ட இடத்திலிருந்து ஆட்டோ. மூன்றாவது வளைவில் ஆட்டோ ஏற மறுத்தது. நாங்கள் மூவரும் இறங்கித் தள்ளினோம். டிரைவர் உள்ளே உட்கார்ந்தபடியே, "ஒரே மூச்சா தள்ளணும், விட்டு விட்டுத் தள்ளுனா அதுக்குப் புடிக்காது" என்றார். சேறு என் தலைமுடிவரைக்கும் வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையின் பிள்ளைகள் எங்களைத்தான் முதலில் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். தேயிலைத் தோட்டத்தில் பகுதிகளுக்கு நம்பர் போட்டு மலை என்கிறார்கள். ஒன்பதாம் நம்பர் மலையின் மேல் விளிம்பு காட்டோடு முட்டுகிறது. பத்து நாளுக்கு முன்பு அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த சரோஜினி எதையோ பார்த்துவிட்டுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பின்னாலேயே மற்றப் பெண்களும் ஓடிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒன்பதாம் நம்பருக்குப் போகச் சொன்னால் பெண்கள் யாரும் நகர்வதில்லை. மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை எல்லோரும் ஐயா என்கிறார்கள். அந்த ஐயா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது தெரிந்தால் சரி. இல்லாவிட்டால் வெள்ளி காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடி நின்று யாருக்கு எந்த மலை என்று கேட்டுக்கொள்ளும் இடத்தில், சரோஜினி முன்னால் வந்து நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். ஐயாவைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். கொழுந்து முற்றிப் போகிறது, மேலேயிருந்து அவரைக் கேட்கிறார்கள். நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை.

ரிஸ்வானுக்கும் நிமலுக்கும் கோயில் மண்டபத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். எனக்கு சரோஜினி வீடு. நாற்பதை நெருங்குகிற, சிரிக்காமலே சிரிக்கவைக்கிற பெண். திருச்சிப் பக்கம் என்றதும், "எங்க பாட்டனும் அந்தப் பக்கந்தானாம். விட்டுட்டு வந்ததுல ஏதாச்சும் மிச்சம் இருக்கான்னு போனா பாருங்க" என்றார். அவர் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் துறையூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போலிருந்தது. கண்ணைத் திறந்தால் குளிர்.

அடுப்பங்கரையில் கோதுமை ரொட்டி தட்டிக்கொண்டே பார்த்ததைச் சொன்னார்.

"பத்து மணி இருக்கும். மிஸ்ட்டு எறங்கியிருந்துச்சு. மேல, பாறைக்கிட்ட, காஞ்ச கம்பு முறியிற சத்தம். யாரோ வெறகுக்கு வந்திருக்காங்கன்னு நிமிந்து பாக்குறேன். நிக்குது. ஒடம்பு பூரா மயிரு. மழையில நனைஞ்ச தேங்கா மட்ட மாதிரி. ஒரு கைய மரத்துல வெச்சுக்கிட்டு என்னையப் பாக்குது."

"எப்படிப் பார்த்தது?"

யோசித்தார். "ஐயா கொழுந்துல முத்தல் கெடக்கான்னு பாப்பாரே. அப்படி."

பயமாக இருந்ததா என்றேன். "அப்ப இல்ல. ஓடி வந்து பீலியில தண்ணி குடிக்கிறப்பதான் கூடய விட்டுட்டு வந்ததே தெரிஞ்சுச்சு. இப்பப் பயமெல்லாம் வேற." ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "பொய் சொல்லலன்னு எல்லாருக்கும் தெரியணும் தங்கச்சி. கரடின்னு சொல்லுங்க, கொரங்குன்னு சொல்லுங்க, என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஒண்ணுமில்லாததுக்கு ஓடி வந்தேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. பதினெட்டு வயசுலேந்து இந்த மலையில நிக்கிறேன். அவ்வளவு பேருக்கு முன்னால நான் பொய்க்காரின்னு எப்படிச் சொல்லுவேன்?"

அவர் கணவர் முத்துலிங்கம் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். இந்தச் செய்தி எங்களுக்கு வந்ததே அவர் மூலமாகத்தான். ரிஸ்வான் கடைக்கு அரம் வாங்கப் போனவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, கால்தடமும் இருக்கிறது என்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ரிஸ்வான் எனக்கு நள்ளிரவில் பதினேழு குரல் செய்தி அனுப்பினார்.

தடங்கள் ஒன்பதாம் நம்பர் மலையின் அடியில், மலைத்தண்ணீர் பீலிக் குழாய் வழியாக விழும் இடத்தை ஒட்டிய ஈரக் களிமண்ணில் இருந்தன. ஆழமாகப் பதிந்திருந்ததாலும் ஆட்கள் நடமாட்டம் நின்றுபோனதாலும் அழியாமல் இருந்தன. முதலில் பார்த்தபோது நான் முழுக்க நம்புகிற கட்சிதான். பதினான்கு அங்குல நீளம். விரிந்த ஐந்து விரல்கள். ஆழமான குதிகால். ரிஸ்வான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். நிமல் குடையைத் தடங்களுக்கு மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். நம்பாதவர்தான். ஆனால் தடயத்தை மழையில் விடமாட்டார்.

செவ்வாய் பிற்பகலும் புதன் முழுவதும் அளந்தோம். இருபத்தாறு தடம். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது. ஒன்று இரண்டரை அடி, அடுத்தது நாலு அடி, அதற்கடுத்தது ஒரு அடி, பிறகு பக்கவாட்டில் ஒரு தாவல். காயம்பட்ட மிருகம், நொண்டுகிறது என்றார் ரிஸ்வான். வயதான மிருகம் என்றேன் நான். குடித்திருக்கலாம் என்றார் நிமல். இதை மட்டும் ரிஸ்வான் முழுதாக மொழிபெயர்த்தார்.

புதன் காலைப் பெரட்டுக்கு நானும் போயிருந்தேன். சரோஜினி வந்து நின்றதும் பின்வரிசையிலிருந்து யாரோ உறுமினார்கள். சிரிப்பு. "ஏய் சரோஜா, மாப்பிள்ள வந்திருக்காக" என்றாள் ஒருத்தி. சரோஜினி திரும்பாமலே, "ஒன் வீட்டுக்காரரவிட அதுக்கு மயிரு கொறச்சல்தான்டி" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. ஆனால் மாலை வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை. பால் இல்லாத பிளேன்டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள மறு உள்ளங்கையில் இருந்த சீனியை நக்க மறந்து உட்கார்ந்திருந்தார். "ஒங்க மாவுல அது என்னான்னு தெரிஞ்சிருமா?" என்று கேட்டார். தெரிந்துவிடும் என்றேன். என் வயதில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பதில் வருகிறது.

வியாழன் மதியம் ரிஸ்வானும் நிமலும் அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ரொட்டிச் சுருளோடு மேலே வரப்பில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நாளும் தடங்களை மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். உயரத்திலிருந்து இப்போதுதான் பார்க்கிறேன். பீலியை ஒட்டிப் பழைய தேயிலைகள் செத்துப்போன இடங்களில் புதுக் கன்றுகள் நட்டிருந்தார்கள். சாண் உயரம்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிழலுக்காகப் பெரணி இலையைக் குத்தி வைத்திருந்தார்கள். தடங்கள் அந்தக் கன்றுகளுக்கு நடுவேதான் போயின. கன்று வரும் இடத்தில் நாலு அடித் தாண்டல். இரண்டு கன்று நெருங்கி இருக்கும் இடத்தில் ஓரடி. நேர் எதிரே ஒன்று வந்தால் பக்கவாட்டில் ஒரு தாவல்.

இருபத்தாறு தடத்தில் ஒரு கன்றுகூட மிதிபடவில்லை. ஒரு பெரணி இலைகூடச் சாயவில்லை.

ரொட்டியைக் கீழே வைத்தேன். எங்கள் ஊரில் கட்டவிழ்ந்த மாடு நாற்றங்காலில் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காட்டிலிருந்து வந்த எதுவும் தோட்டத்துக் கன்றைப் பார்த்துப் பார்த்துக் கால் வைக்காது. அதை மிதித்தால் திட்டு விழும் என்று இளவயதிலிருந்து பழகிய கால்தான் அப்படிப் போகும்.

கீழே இறங்கி அச்சுகளைப் பார்த்தேன். ஐந்து விரல் நுனியும் ஒரே பக்கமாகச் சாய்ந்த வெட்டு. செவ்வாய்க்கிழமை முத்துலிங்கம் எனக்குக் கவ்வாத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். மழைத்தண்ணி தங்காமல் வழிந்து ஓடுவதற்குக் கிளையை எப்போதும் சாய்த்துத்தான் வெட்டுவார்களாம்.

யாரிடமும் சொல்லாமல் அவரைத் தேடிப் போனேன். வேலை முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். கூடவே நடந்தேன். எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "அண்ணே, அந்தக் கால் கன்னுக்கு ரொம்பப் பயந்து நடந்திருக்கு" என்றேன்.

அவர் நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். மறைக்க முயலக்கூட இல்லை.

"தடம் வெச்ச கட்ட, வீட்டுக்குப் பின்னால வெறகோட கெடக்கு" என்றார். "பழைய தேயில வேரு. இயற்கையாவே அஞ்சு வெரலு மாதிரி பிரிஞ்சிருந்துச்சு. கொஞ்சந்தான் செதுக்குனேன்."

"ஏன்?"

"தம்பிதானே கேட்டாரு. கடையில சொன்னப்ப, தடம் கிடம் இருக்கா, தடம் இருந்தாத்தான் நாங்க வருவோம்னாரு. அவ சொன்னத யாருமே காதுல வாங்கல தங்கச்சி. நீங்களாச்சும் வருவீங்கன்னு பாத்தேன்." கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவளுக்குத் தெரியாது. நீங்க சொல்லிறாதீங்க. நாளைக்கு ஒரு நாள் தாண்டுனாப் போதும்."

உங்கள் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றேன். தடம் உண்மை என்றும் சொல்ல முடியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார். லயம்வரை இருந்த இருநூறு அடி தூரம் நான் நடந்ததிலேயே நீளமானது.

கோயில் மண்டபத்தில் விஷயத்தைச் சொன்னபோது நிமல் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சந்தோஷப்படவில்லை. சிங்களத்தில் தங்கச்சியை நங்கி என்பார்கள். "நங்கி, இதை மறைத்தால் நாளைக்கு நாம் ஒரு உண்மையைச் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். ரிஸ்வான் நன்றாக வந்த ஒரு அச்சை மடியில் வைத்து அதன் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். "இத்தன வருஷத்துல ஒரு நல்ல தடம் கெடச்சதில்ல" என்றார். பிறகு, "நான் கேட்டேன். அந்த மனுசன் குடுத்தாரு. பொய்ல பாதி என்னோடது" என்றார். அன்று அவர் ரொட்டியைத் தொடவில்லை.

வெள்ளி காலைப் பெரட்டுக்களத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். கவ்வாத்துக்காரர்கள், மருந்தடிப்பவர்கள்கூடக் கலையாமல் நின்றார்கள். ஐயா எங்களைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார். "படிச்ச பிள்ளைங்க மூணு நாளா பார்த்தீங்க. சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

ரிஸ்வான் முன்னால் போனார்.  "பீலிக்குப் பக்கத்துல இருக்குற தடம் பொய்ங்க. யாரோ கட்டையால வெச்சது."

களம் முழுக்கச் சிரிப்பு. முந்தாநாள் உறுமிய அதே குரல் மறுபடியும் உறுமியது. சரோஜினி எங்களைப் பார்த்த பார்வையை என்னால் எதிர்கொள்ள முடியவில்லை. மூன்று நாள் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

"அப்பச் சரி" என்றார் ஐயா. "சரோஜினி, முன்னுக்கு வா. சொல்லிட்டு மலைக்குப் போ."

அவர் நகரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து முத்துலிங்கம் வெளியே வந்தார். "கட்ட என்னோடதுங்க ஐயா. அவளுக்குத் தெரியாது" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. கணவரைக் காப்பாற்றப் போகிறார் அல்லது அழப்போகிறார் என்று நினைத்தேன். சரோஜினி இரண்டும் செய்யவில்லை. கணவருக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"நான் பாத்தேன்னு சொன்னத நீ நம்புனியா?"

முத்துலிங்கம் கீழே பார்த்தார்.

"இல்ல, சொல்லு. நம்பியிருந்தா நீ எதுக்குச் செதுக்கணும்?"

 எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்குப் பட்டது. அடுத்தபடியாக எங்களிடமே திரும்பினார்.

"நான் எந்தக் கால்தடத்தையும் பாத்தேன்னு சொல்லலியே. மேல, பாறைக்கிட்டன்னு மொத நாளே சொன்னேன். இந்தத் தங்கச்சி கேட்டுச்சு, நான் சொன்னேன். மூணு நாளா பீலிக்கரையிலயே குந்தி அளக்குறீங்க. நான் நின்ன எடத்துக்கு ஒருத்தராச்சும் வந்தீங்களா?"

வரவில்லை. கையில் அகப்படுகிற தடயம் கிடைத்ததும், கண்ணால் பார்த்தவரை நாங்கள் விட்டுவிட்டோம். என் நோட்டுப் புத்தகத்தில் அவருக்குக் கால் பக்கம். கட்டையின் தடத்துக்கு முப்பத்தொரு பக்கம்.

சரோஜினி ஐயாவிடம், "நான் பொய்யின்னு சொல்ல மாட்டேங்க. மொதல்ல இவங்க வந்து பாக்கட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவர் ஓடிவந்த நாளிலிருந்து யாரும் ஏறாத மலைக்கு அவரே கூப்பிடுகிறார். ஐயா தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துவிட்டு, "நட" என்றார். ஏறினோம். பெண்கள் கூட்டம் முழுக்கப் பின்னால் வந்தது. உறுமியவர் வரவில்லை.

மேல் விளிம்பில் ஒரு பாறை, அதன் பக்கத்தில் ஒரு மரம், அதற்குப் பின்னால் காடு. சரோஜினி ஒரு தேயிலைச் செடியின் அருகே போய் நின்று, "இங்க" என்றார். தூரம் எவ்வளவு என்று கேட்டேன். செடிகளை எண்ணி, "பதினாலு செடி" என்றார். டேப் வைத்துப் பார்த்தோம். செடிக்குச் செடி உள்ள இடைவெளியைப் பெருக்கினால் அவர் சொன்னதும் டேப்பும் ஒத்துப்போயின.

இந்த மாதிரி இடங்களில் எங்கள் ஆட்கள் ஒன்று செய்வார்கள். பார்த்தவரை அன்று நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் உயரம் தெரிந்த ஒரு ஆளை நிறுத்துவார்கள். நிமல் பாறையை நோக்கிக் கிளம்பினார். சரோஜினி கையை நீட்டி அவரைத் தடுத்தார். "அவரு போகட்டும்."

முத்துலிங்கம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஏறினார்.

"இந்தப் பக்கம் இல்ல. பாறைக்கு அந்தப் பக்கம்" என்று கத்தினார் சரோஜினி. "கைய மரத்துல வையி. அந்தக் கை இல்ல. எடது. குனியாத, அது குனியல."

அவர் நிமிர்ந்தார்.

"ஒந் தல அதோட நெஞ்சுக்குத்தான் வருது. கைய இன்னும் மேல வையி. இன்னும் மேல."

முத்துலிங்கம் எக்கினார். அவர் விரல் எட்டாத உயரத்தில், மரத்தின் பட்டை ஒரு பக்கமாக உரிந்து கிடந்தது. நான் பார்த்தேன். நிமலும் பார்த்தார். இந்த மலைகளில் நீண்ட முடியுள்ள ஒரு குரங்கு உண்டு என்றும், கிளையில் நின்றால் பெரிதாகத் தெரியும் என்றும் நிமல் முன்பே சொல்லியிருந்தார். இப்போதும் அதைத்தான் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.  அந்தப் பட்டையை உரித்தது எதுவென்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த நேரம் மேலிருந்து மிஸ்ட் இறங்கி, முத்துலிங்கத்தின் சட்டையின் நிறத்தை அழித்து அவரை வெறும் கறுப்பு உருவமாக ஆக்கியது.  முந்தாநாள் மாப்பிள்ளை என்று கேலி செய்தவள் சரோஜினியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐயா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மேல் பக்கம் இன்னிக்கு வேணாம்" என்றார் கடைசியில். "எல்லாரும் கீழ் நிரையில எடுங்க. இங்க ஆம்பளயாளு ரெண்டு பேரு காவலுக்கு நிக்கட்டும்." பொய், உண்மை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. பெண்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

முத்துலிங்கம் மட்டும் இன்னும் அங்கேயே நின்றார். வரச்சொல்லி ரிஸ்வான் கையைக் காட்டினார். அவர் கவனிக்கவில்லை. மரத்தில் கையை வைத்தபடி, பதினாலு செடிக்குக் கீழே தன் மனைவி நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, தலைக்கு மேலே உரிந்திருந்த பட்டையைப் பார்த்தார். மெதுவாக இறங்கி வந்து சரோஜினிக்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

"எந்தப் பக்கமா போச்சு?" என்று கேட்டார்.

சரோஜினி இடுப்பில் கட்டியிருந்த சாக்கை இறுக்கி முடிந்தார். காட்டின் ஓரமாக, பாறைக்கு வலது புறம் தாடையைக் காட்டினார்.

முத்துலிங்கம் கத்தியை எடுத்துக்கொண்டார். சரோஜினி முன்னால் நடந்தார், அவர் பின்னால். நாங்கள் மூவரும் டேப்பைக்கூடச் சுருட்டாமல் அவர்களுக்குப் பின்னால் ஓடினோம்.